போர்டு இல்லாத வகுப்பு: 19 கேசட்டைப் பொதுவில் வைத்த அனுபவம்

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன், எங்கள் வெப்ப இயக்கவியல் வகுப்பை ஒரு வருடம் முழுக்க கேசட்டில் பதிந்து வைத்திருந்தான். திருட்டுத்தனமாக இல்லை, சாரிடம் கேட்டுவிட்டு முன் பெஞ்சில் ஒரு சின்ன ரெக்கார்டரை வைத்துப் பதிந்தது. மொத்தம் 19 கேசட், எல்லாமே 90 நிமிட வகை, ஒரு பக்கத்துக்கு ஒரு வகுப்பு. வகுப்பு 50 நிமிடம், கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம் என்பதால் வருகைப்பதிவு முடிந்து சார் சாக்பீஸைக் கையில் எடுத்த பிறகுதான் பட்டனை அழுத்துவான். அந்தப் பெட்டி இத்தனை வருடம் கழித்து என் கைக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம், இறக்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரி பொதுவில் வைத்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். ஒரு மாத வேலை என்று நினைத்தேன், எட்டு மாதம் ஆனது. அதில் கேசட்டோடு மல்லுக்கட்டிய நேரம் கால்வாசிகூட இருக்காது.

ஏன் இதற்கு மெனக்கெட்டேன் என்றால், நான் நேரியல் இயற்கணிதத்தைப் புரிந்துகொண்டதே 1999-இல் எம்ஐடியில் கில்பர்ட் ஸ்ட்ராங் எடுத்த வகுப்புகளின் வீடியோவைப் பார்த்துத்தான். அந்தப் பல்கலைக்கழகம் தன் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப் போவதாக 2001-இல் அறிவித்தது. என்னைப் போல அந்த வளாகத்தில் காலே வைக்காதவன் முதல் பெஞ்சில் உட்கார முடிந்தது அதனால்தான். எங்கள் சாரின் வகுப்பும் அந்தத் தரத்தில்தான் இருந்தது, பதிவுதான் ஒரு பெட்டிக்குள் கிடந்தது.

முதலில் அனுமதி. கேசட்டைத் தொடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், நான் இதில் மட்டும் வரிசை தவறாமல் செய்தேன். பதிவு செய்தவன் நண்பன், ஆனால் பேச்சு சாருடையது. அவர் அந்தக் கல்லூரியின் சம்பளத்தில் இருந்தபோது எடுத்த வகுப்பு என்பதால் கல்லூரிக்கும் உரிமை இருக்கலாம், அது அவர் வேலைக்குச் சேர்ந்தபோது போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சாருக்குப் போன் செய்தேன். "நல்லதுப்பா, செய். ஆனா நான் ஏதாவது தப்பா சொல்லியிருந்தா?" என்றார். அந்தக் கேள்வி பிறகு வேறு விதமாகத் திரும்பி வந்தது, சொல்கிறேன். அவரிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் கையெழுத்தோடு வாங்கினேன். கல்லூரிக்கு எழுதியதற்குப் பதில் வர மூன்று மாதம் பிடித்தது, வந்த பதிலில் ஆட்சேபம் இல்லை என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரி இல்லாமல் இருந்தால் இதை ஏற்றியிருக்கவே மாட்டேன்.

இப்போது கேசட். இத்தனை வருடம் சும்மா கிடந்த கேசட்டை நேராக பிளேயரில் போட்டு ஓடவிடக் கூடாது. டேப்பை, ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு ஒட்டி அழுத்துவதற்கு உள்ளே ஒரு சின்ன ஃபெல்ட் துண்டு இருக்கும், அதை ஒட்டியிருக்கும் பசை காய்ந்து உதிர்ந்துவிடும். எனக்கு ஐந்து கேசட்டில் அது கழன்று உள்ளேயே கிடந்தது. அது இல்லாமல் ஓட்டினால் சத்தம் மங்கலாகவும் விட்டுவிட்டும் வரும், டேப்பே போய்விட்டது என்று நினைத்துவிடுவோம். இதற்கு நான் செய்தது, ஸ்க்ரூ போட்ட ஒரு நல்ல காலி கேசட்டைத் திறந்து அந்த உறைக்குள் பழைய டேப்பின் இரண்டு சுருளையும் மாற்றி வைத்தேன். பழைய கேசட்டில் சிலது ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டி மூடியவை, அவற்றை மட்டும் ஓரத்தில் கத்தி வைத்து மெதுவாகப் பிளக்க வேண்டியிருந்தது. ஒரு கேசட்டில் டேப் முனையில் அறுந்திருந்தது. செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள், அதன் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும், ஹெட்டிலும் படியும். டேப் ஒட்டுவதற்கென்றே விற்கும் ஸ்ப்ளைசிங் டேப்தான் சரி. அப்புறம் பதிவு அழியாமல் இருக்க மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்கையும் எல்லாக் கேசட்டிலும் உடைத்துவிட்டேன், தவறி ரெக்கார்ட் பட்டன்மேல் கை பட்டாலும் பயமில்லை.

கேசட்டை ஓட்டும் டெக்கையும் தயார் செய்ய வேண்டும். ஹெட், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டு, ரப்பர் ரோலர் மூன்றிலும் பழுப்பாகப் படிந்திருந்ததை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் காட்டன் பட்ஸும் வைத்துத் துடைத்தேன். பெல்ட் தளர்ந்து குரல் அலை அலையாக வந்தது, புதுசு போட்டதும் சரியானது. இதெல்லாம் எல்லோரும் சொல்வது. எனக்கு உண்மையிலேயே வித்தியாசம் காட்டியது ஹெட்டின் சாய்வு, அஸிமத் என்பார்கள். பதிந்த ரெக்கார்டரின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் நம் ஹெட்டும் இருந்தால்தான் உச்ச ஒலிகள் முழுசாக வரும், கொஞ்சம் விலகினாலும் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கும். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு ஸ்க்ரூ இருக்கும். அது முதலில் இருந்த நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டேன். இரண்டு சேனலையும் மோனோவாக ஒன்று சேர்த்துக் கேட்டுக்கொண்டே கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகினேன், சாருடைய 'ஸ' எந்த இடத்தில் கூர்மையாகக் கேட்டதோ அங்கே நிறுத்தினேன். எல்லாக் கேசட்டும் ஒரே ரெக்கார்டரில் பதிந்ததாக இருந்தால் ஒருமுறை செய்தால் போதும். எங்களுக்கு 12-ஆம் கேசட்டுக்குப் பிறகு மறுபடி செய்ய வேண்டி வந்தது, நண்பனிடம் கேட்டால் ஆமாம், பாதி வருடத்தில் ரெக்கார்டர் ரிப்பேராகி வேறொன்று வாங்கினேன் என்றான்.

அந்த இரண்டாவது ரெக்கார்டர் இன்னொரு வேலையும் செய்திருந்தது. 13-ஆம் கேசட்டிலிருந்து சாரின் குரல் கொஞ்சம் மெலிந்து, வேகமாகப் பேசுகிற மாதிரி இருந்தது. அந்த ரெக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கிறது, அதனால் சரியான வேகத்தில் ஓட்டினால் வேகமாகக் கேட்கிறது. எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் சிக்கல், குரலை வைத்து உத்தேசமாகச் சரிசெய்ய எனக்கு மனம் வரவில்லை. வழி பதிவுக்குள்ளேயே இருந்தது. ரெக்கார்டர் கரண்டில் ஓடியதால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் மெல்லியதாக டேப்பில் பதிந்திருந்தது. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலைவெண் வரைபடத்தைப் போட்டுப் பார்த்தேன். 50-இன் மூன்று மடங்காக 150-இல் இருக்க வேண்டிய மேல்சுரம் 154.2-இல் நின்றது. ஏறக்குறைய 2.8 சதவீதம் வேகம். அந்த அளவு குறைத்ததும் 45 நிமிட வகுப்பு ஒன்றேகால் நிமிடம் நீண்டது, குரல் பழைய சார் குரலாக வந்துவிட்டது. நமது டெக்கே ரீங்காரம் சேர்த்தால் அது சரியாக 150-இல் தனியாக நிற்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பதியும்போது மடிக்கணினியை சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டியதும் அந்த இரண்டாவது ரீங்காரம் பெரும்பாலும் காணாமல் போனது.

மூலப் பதிவை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுத்தேன். பேச்சுக்கு இது அதிகம்தான், ஆனால் கேசட்டை இன்னொரு முறை ஓட்ட முடியுமா என்று தெரியாதபோது முதல் பிரதி தாராளமாக இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை ஜிபி, மொத்தம் 60 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. இந்த மூலக் கோப்பில் எந்தத் திருத்தமும் செய்யாமல் தரம் குறையாத ஃபிளாக் வடிவில் சுருக்கி, கோப்பு பின்னால் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் ஷா-256 எண்ணை ஒவ்வொன்றுக்கும் எழுதி, மூன்று பிரதி எடுத்து, ஒன்றை நண்பன் வீட்டில் வைத்தேன். இதைச் செய்திருக்காவிட்டால் அடுத்து நடந்ததில் வேலை முழுக்கப் போயிருக்கும்.

நடந்தது இதுதான். கேசட் இரைச்சல் உறுத்துகிறது என்று எல்லா வகுப்புக்கும் இரைச்சல் நீக்கியைக் கொஞ்சம் அழுத்தமாகப் போட்டேன். பேச்சில்லாத இடங்களையும் தானாகச் சுருக்கும்படி வைத்தேன். கேட்க சுத்தமாக, கச்சிதமாக இருந்தது, 45 நிமிடம் 36 நிமிடமாகக் குறைந்தது. பிறகு என் பழைய நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வகுப்பை முழுசாகக் கேட்க உட்கார்ந்தேன், பத்தாவது நிமிடத்தில் தொடர முடியவில்லை. சார் ஒரு வாக்கியம் சொல்லி முடித்ததும் உடனே அடுத்த வாக்கியம் வருகிறது, நடுவில் அவர் போர்டில் ஒரு சமன்பாட்டை எழுதியிருக்கிறார். அந்த இருபது நொடியில் வகுப்பே அதை நோட்டில் எழுதும், யோசிக்கும். மூலப் பதிவைப் போட்டுக் கேட்டேன். டக் டக் என்று சாக்பீஸ் சத்தம் தெளிவாக இருக்கிறது. நீளமாக இழுத்தால் கோடு, இரண்டு குத்து வைத்தால் சமக்குறி, அழுத்தி வட்டம் போட்டால் இது பரீட்சைக்கு வரும். நான் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்தது போர்டின் சத்தத்தை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மூலத்திலிருந்து திரும்பச் செய்தேன். இந்த முறை 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் மட்டும் நீக்கினேன், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன், இரைச்சலை 6 டெசிபெல் மட்டும் குறைத்தேன், ஒலி அளவை எல்லா வகுப்புக்கும் ஒரே மட்டத்தில் வைத்தேன். மௌனத்தைத் தொடவில்லை. வகுப்புப் பதிவுக்கு இதற்கு மேல் செய்யத் தேவையில்லை என்பது என் முடிவு.

ஆனால் சாக்பீஸ் சத்தம் இருந்தால் போதுமா, அது என்ன எழுதியது? இங்கேதான் இந்த வேலையின் நடுப்பகுதி ஆரம்பித்தது. "இந்தப் புள்ளியில இருந்து இங்க வந்தா, கீழ இருக்கிற பரப்புதான் வேலை" என்கிறார். எந்தப் புள்ளி, எங்கே வந்தால்? இலட்சிய வெப்ப இயந்திரம் ஒன்றின் சுழற்சியான கார்னோ சுழற்சியை விளக்கும் வகுப்பில் 'இது', 'இங்க', 'அது' என்று நான் எண்ணிப் பார்த்தேன், 45 நிமிடத்தில் 140-க்கு மேல். போர்டைப் பார்க்காத ஒருவருக்கு அந்த 140 இடத்திலும் ஓர் ஓட்டை. 1961 முதல் 1963 வரை அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஃபெய்ன்மன் எடுத்த இயற்பியல் வகுப்புகளை டேப்பில் பதிந்தவர்கள் கரும்பலகையையும் புகைப்படம் எடுத்து வைத்தார்கள். எவ்வளவு தெரிந்து செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. எங்களிடம் புகைப்படம் இல்லை, மூன்று பேரின் நோட்டுதான் இருந்தது: என்னுடையது, நண்பனுடையது, இன்னொரு வகுப்புத் தோழியுடையது. தோழியின் நோட்டுதான் காப்பாற்றியது, போர்டில் இருந்த இடத்திலேயே எழுதும் பழக்கம் அவருக்கு. இடது பக்கம் படம், வலது பக்கம் கணக்கு, சார் அழித்ததைக்கூட ஒற்றைக் கோடு போட்டு அடித்து வைத்திருந்தார்.

ஒலியை ஓடவிட்டு, சாக்பீஸ் சத்தம் வரும் இடமெல்லாம் நேரத்தைக் குறித்து, அந்த நேரத்தில் போர்டில் என்ன இருந்திருக்கும் என்று மூன்று நோட்டையும் ஒப்பிட்டு, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்தேன். ஒரு வகுப்புக்கு ஆறிலிருந்து பத்துப் பலகை. கார்னோ சுழற்சிக்கு, அழுத்தம், கனஅளவு அச்சுகளில் நான்கு வளைவு, இரண்டு சமவெப்பம், இரண்டு வெப்பமாறா நிலை (வெப்பம் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது), மூலைக்கு ஒரு எண். அந்த எண்களை சார் சொல்லவில்லை, நான் சேர்த்தது, அதனால் அவற்றுக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்தேன். சார் எழுதியது எது, பின்னால் நாங்கள் சேர்த்தது எது என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. முடித்ததும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளை வைத்து, குறித்த நேரத்தில் பலகை மாறுகிற மாதிரி ஒலியோடு சேர்த்து வீடியோவாக்கினேன். பலகைகள் தனியாக ஒரு பிடிஎஃப்பாகவும் உண்டு. வீடியோ இறக்க முடியாதவர் 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3-ஐயும் பிடிஎஃப்பையும் எடுத்தால் போதும், எம்பி3 22 எம்பிக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது எழுத்துரை, பேசியதை அப்படியே எழுத்தில் தருவது. இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க ஆசை வந்தது. ஆனால் அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் நடந்தது எனக்குத் தெரியும். அங்கே பொதுவில் வைத்திருந்த வகுப்புப் பதிவுகளைத் தங்களால் பயன்படுத்த முடியவில்லை என்று காது கேளாதோர் தரப்பிலிருந்து புகார் போனது. அமெரிக்க நீதித்துறை 2016-இல் அந்தப் புகார் சரிதான் என்று கடிதம் எழுதியது. 2017-இல் பல்கலைக்கழகம் 20,000-க்கும் மேற்பட்ட வகுப்புப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. எடுத்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் புகார் கொடுத்தவர்கள் கேட்டது நியாயம், எல்லோருக்கும் என்று எழுதி வைத்துவிட்டு ஒரு கூட்டத்தை வெளியே நிறுத்தக் கூடாது.

பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருளைக் கணினியில் ஓட்டி முதல் வரைவு எடுத்தேன். சார் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பேசுவார், அதில் அது தடுமாறியது. சில இடத்தில் தமிழை ஆங்கிலமாக மொழிபெயர்த்தே எழுதிவிட்டது. சாக்பீஸ் மட்டும் ஒலிக்கும் இடங்களில் யாரும் சொல்லாத வாக்கியத்தை நான்கு முறை, ஐந்து முறை திரும்ப எழுதியது. இதற்காகப் பேச்சு இருக்கும் துண்டுகளை மட்டும் வெட்டிக் கொடுத்தேன், அந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் ஆபத்தானது வேறு: என்ட்ரோபி என்று சொன்னதை என்தால்பி என்று எழுதும், என்தால்பியை என்ட்ரோபி என்று எழுதும், இரண்டும் வெப்ப இயக்கவியலில் வெவ்வேறு அளவுகள். படிக்க இரண்டும் சரியான வாக்கியமாகவே இருக்கும், பாடம் மட்டும் தலைகீழாகிவிடும். அந்த இரண்டு சொல்லும் வரும் இடங்களை எல்லாம் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் காதால் கேட்டுச் சரிபார்த்தோம். ஒரு வகுப்பைத் திருத்த ஐந்து ஆறு மணி நேரம், மூன்று பேரும் பிரித்துக்கொண்டோம். எழுத்துரையில் போர்டில் எழுதும் இடத்தை "போர்டில் எழுதுகிறார்: பலகை 4" என்று குறித்தோம். அதைப் படித்துவிட்டு ஒருவர் பலகையைத் திறந்தால் வகுப்பு முழுசாகக் கிடைக்கிறது.

இடையில் இரண்டு விஷயம். சார் சிலரைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்பார், தெரியாமல் முழிப்பவரைச் செல்லமாகத் திட்டுவார். அந்தப் பிள்ளைகள் இதற்குச் சம்மதித்தவர்கள் இல்லை. பெயர் வரும் நொடியை மட்டும் எடுத்துவிட்டு, அதே அறையின் வெறும் சத்தத்தை அந்த இடத்தில் வைத்தேன், எழுத்துரையில் "மாணவர்" என்று போட்டேன். கேள்விகளை நீக்கவில்லை, சாரின் மிக நல்ல விளக்கங்கள் அவற்றுக்குப் பதிலாக வந்தவைதான்.

இரண்டாவது, சார் பயந்த அந்தத் தப்பு. பதிவு வரிசையில் ஒன்பதாவது வகுப்பில் வேலையின் குறியை நடுவில் மாற்றிவிடுகிறார், வாயு விரிந்தால் வேலை நேர்மறை என்று தொடங்கியவர் கடைசிக் கணக்கில் எதிர்மறையாகப் போடுகிறார். அடுத்த வகுப்பில் வந்ததும் "நேத்து ஒரு வழக்கத்துல ஆரம்பிச்சு இன்னொன்னுல முடிச்சுட்டேன், தப்பு என்னோடது" என்று சொல்லி, இயற்பியல்காரர்கள் எப்படி எழுதுவார்கள், வேதியியல்காரர்கள் எப்படி எழுதுவார்கள் என்று பத்து நிமிடம் பாடமே நடத்துகிறார். வெட்டிவிடட்டுமா என்று சாரிடம் கேட்டேன். அந்தப் பத்து நிமிடத்தைப் போனில் கேட்டுவிட்டு, "வேண்டாம்ப்பா, இருக்கட்டும், பக்கத்துல எழுதி மட்டும் போடு" என்றார். அந்த ஒன்பதாவது வகுப்பின் விவரத்தில் முதல் வரியே அதுதான், எந்த நிமிடத்தில் தவறு, எந்த வகுப்பில் திருத்தம் என்று.

எந்த உரிமத்தில் வெளியிடுவது என்பதில் சாரும் நானும் நிறையப் பேசினோம். மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒருமுறை கொடுத்துவிட்டால் அந்தப் பிரதியைப் பெற்றவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது, அதை முதலில் சொன்னேன். எம்ஐடி தன் பாடங்களை வணிகம் கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுக்கிறது, சாருக்கும் முதலில் அதுதான் பிடித்தது, யாராவது எடுத்து விற்றால் என்ன செய்வது என்ற கவலை. எனக்கு அந்த நிபந்தனையில் தயக்கம் இருந்தது. கட்டணம் வாங்கும் ஒரு டியூஷன் ஆசிரியர் வகுப்பில் போட்டுக்காட்டலாமா கூடாதா என்று அவருக்கே சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் தொடமாட்டார். விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸிலும் அந்த நிபந்தனை உள்ள படத்தை ஏற்க மாட்டார்கள், எங்கள் பலகைப் படங்கள் அங்கே போக வேண்டும் என்று எனக்கு ஆசை. கடைசியில் பெயரைக் குறிப்பிட வேண்டும், மாற்றினால் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற வகையைச் சார் ஒப்புக்கொண்டார். தோழியின் நோட்டிலிருந்து வரைந்தது என்பதால் பலகைகளுக்கு அவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கினோம்.

ஏற்றியது இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில். அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாளப் பெயர் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு மாற்ற முடியாது, ஆகவே 38 பக்கத்துக்கும் ஒரே முறையில் பெயரை முன்பே எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். தலைப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வைத்தேன். 'பாகம் 7' என்று வைக்காமல் அந்த வகுப்பில் நடப்பது என்ன என்று வைத்தேன், தேடுகிறவர் 'கார்னோ சுழற்சி' என்றுதான் தேடுவார். ஃபிளாக், எம்பி3, வீடியோ, எழுத்துரை, பலகை பிடிஎஃப், உரிமக் கடிதத்தின் வாசகம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன, பலகைகளின் மூல எஸ்விஜி கோப்பும்கூட, அது திருத்தக்கூடிய பட வடிவம். வேறு மொழியில் யாராவது போட நினைத்தால் எழுத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

38 பக்கத்தில் 37-தான் வகுப்பு. 12-ஆம் கேசட்டின் முதல் பக்கத்தில் நண்பன் வீட்டில் யாரோ பாட்டுப் பதிந்துவிட்டார்கள், கடைசி ஒரு நிமிடத்தில்தான் பாட்டு நின்று சாரின் குரல் வருகிறது, "சரி, மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம்" என்று. அது 23-ஆம் வகுப்பு, என்ட்ரோபியை முதல்முதலாக அறிமுகம் செய்தது. அந்த எண்ணை விட்டுவிடாமல் அதையும் ஏற்றியிருக்கிறேன். ஒலிக்கோப்பில் அந்த ஒரு நிமிடம், கூடவே தோழியின் நோட்டிலிருந்து வரைந்த ஒன்பது பலகைகள்.